மூன்றாவது பேனா

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்குக் கண்பார்வை போய்விட்டது. நோய் தானாக வந்தது, அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் அந்த நோய் வெளியே தெரிய ஒரு வழி இருந்தது. அந்த வழியை ஒன்பது மாதம் அடைத்துவைத்தவன் நான்தான். ஊரில் இது யாருக்கும் தெரியாது. "பாவம், இந்தச் சின்ன வயசுல இப்படி ஆயிட்டே" என்று விசாரிக்க வந்தவர்களுக்கெல்லாம் நானே காபி போட்டுக் கொடுத்தேன். "பொண்டாட்டிய எப்படித் தாங்குதான் பாரு" என்று என் காதில் விழும்படியே சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் போனபிறகு டம்ளரைக் கழுவும்போது அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாமா என்று வரும். அடித்ததில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் பாளையங்கோட்டையில் ஒரே அறையில் ஒரே வேலை பார்த்தோம். இரண்டு பேருமே இயற்பியல் எம்.எஸ்ஸி. என்னைவிட அவளுக்கு மார்க் கூட. கல்யாணம் ஆகி மூன்று வருஷம் ஆகியிருந்தது. வேலை என்னவென்று சொன்னால் சொந்தக்காரர்கள் சிரிப்பார்கள். தென்துருவத்துப் பனிக்கட்டி தேசத்தில், ராத்திரியில், வானத்து உச்சியில் பிளாஸ்மா எந்தப் பக்கமாக எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று அளக்கிற வேலை. என் சித்தப்பா ஒரு கல்யாண வீட்டில் இலை முன்னால் உட்கார்ந்துகொண்டு, "ஏலே, ஆத்துல எவ்வளவு தண்ணி போகுதுன்னே இங்கன ஒருத்தனுக்கும் தெரியல. நீ ஆகாசத்துல ஓடுறத அளக்குதியாக்கும்" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள்.

நாங்கள் பனிக்கட்டி தேசத்துக்கெல்லாம் போகவில்லை. அங்கே குளிர்காலம் முழுக்கத் தங்கியிருந்த குழுவிடம் ஒரு கருவியைக் கொடுத்தனுப்பியிருந்தார் எங்கள் பேராசிரியர். அந்தக் கருவி மேலே ரேடியோ அலையை அனுப்பும். அங்கே காற்று மின்சாரம் ஏறிக் கிடக்கும், அதைத்தான் பிளாஸ்மா என்கிறோம். அதில் பட்டு அலை திரும்பி வரும். திரும்பி வருவதை வாங்கிக்கொள்ள மூன்று ஆன்டெனா, பனியில் முக்கோணமாக நட்டுவைத்திருப்பார்கள். ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் ஒரு பேனா. மூன்று பேனாவும் ஒரே காகிதச் சுருளில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, ஏறி இறங்கிக் கோடு போட்டுக்கொண்டே போகும். பிளாஸ்மா ஓடுவதால், முதல் பேனாவில் வந்த மேடு கொஞ்சம் தள்ளி இரண்டாவது பேனாவில் வரும், இன்னும் கொஞ்சம் தள்ளி மூன்றாவதில் வரும். ஆற்றில் மிதந்து வருகிற வாழைமட்டை எந்தப் படித்துறையை எப்போது தாண்டுகிறது என்று பார்க்கிற மாதிரிதான். எத்தனை மில்லிமீட்டர் தள்ளி வருகிறது என்று அளந்துவிட்டால் வேகமும் திசையும் கணக்கில் வந்துவிடும்.

அந்தச் சுருள்கள் தகரப்பெட்டிகளில் கப்பலேறி, கோவாவில் இறங்கி, ரயிலில் எங்களிடம் வந்து சேர்ந்தது ஒரு சித்திரை மாதம். பெட்டியைத் திறந்தபோது மண்ணெண்ணெய் வாடை அடித்தது. அவள் ஒரு சுருளை எடுத்து மூக்கருகில் வைத்துப் பார்த்து, "பனிக்கட்டி வாசம் வருதுங்க" என்றாள். "மண்ணெண்ணெய் வாசம்" என்றேன். "ஒங்களுக்கு மூக்கே கெடையாது" என்றாள்.

மாடியில் ஒரு வாடகை அறை. நடுவில் நீளமான மேசை. மேசையின் இரண்டு முனையிலும் மேல்பக்கம் கண்ணாடி பதித்த விளக்குப் பெட்டி ஒவ்வொன்று. சுருளை அதன்மேல் விரித்தால் கோடுகள் தெளிவாகத் தெரியும். பூதக்கண்ணாடி, இரும்பு ஸ்கேல், பென்சில், நோட்டு, இவ்வளவுதான் சாமான். ஒரு முனையில் அவள், மறுமுனையில் நான். அவள் ஒரு சுருளைப் படிப்பாள், நான் இன்னொன்றைப் படிப்பேன். பிறகு மாற்றிக்கொள்வோம். ஆக, ஒவ்வொரு சுருளையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்திருப்போம். ஒருவர் நோட்டை மற்றவர் பார்க்கக்கூடாது என்பதுதான் அந்த அறையின் ஒரே சட்டம். சனிக்கிழமை பேராசிரியர் வந்து இரண்டு நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். எங்கெல்லாம் எண்கள் அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகுகிறதோ, அதையெல்லாம் ஒரு சீட்டில் எழுதி, மூன்றாம் ஆளாக அவரே படித்து, யார் எண் தப்பு என்று குறித்துவிடுவார்.

எங்களை வேலைக்கு எடுக்கும்போது அவருக்குக் கொஞ்சம் தயக்கம் இருந்தது. "புருஷனும் பொண்டாட்டியும் ஒரே சார்ட்டப் படிச்சா, ராத்திரி சோறு திங்கும்போதே பேசி முடிச்சிட்டு வந்துருவியளேவே" என்றார். அவள்தான் பதில் சொன்னாள். "சார், வீட்டுல நாங்க எதுலயுமே ஒத்துப்போறதில்ல. நீங்க பயப்படாதீங்க." அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அன்றைக்கே வேலை கிடைத்தது.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினோம். எங்கள் வீடு இருந்த டவுனிலிருந்து பாளை போகிற பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து உலகத்தையே பேசுவோம், எண்களை மட்டும் பேசமாட்டோம். வண்ணார்பேட்டை நெரிசலில் பஸ் நிற்கும்போது, "பன்னெண்டாம் சுருள்ல ஒரு அழகான ராத்திரி இருக்கு. நடுச்சாமம் வரைக்கும் மேற்க ஓடிட்டு, என்ன நெனச்சுதோ, சட்டுனு கெழக்க திரும்புது. ஆனா எந்த எடத்துலன்னு சொல்லமாட்டேன்" என்பாள். அவளுக்குச் சுருள் என்பது சுருள் இல்லை, ராத்திரி. சூரியனே வராத ஒரு ஊரில் யாரும் பார்க்காமல் ஓடிப்போன ராத்திரிகளை அவள் ஒருத்திதான் பார்க்கிறாள் என்கிற மாதிரி பேசுவாள். அவளுக்கென்று சொந்தமாக இருந்தது அந்த வேலை ஒன்றுதான். வீட்டில் என் அம்மாவுக்கு அவள் வேலைக்குப் போவது பிடிக்கவில்லை. "காயிதத்துல கோடு பாக்கதுக்கு ஒரு பொம்பள பஸ் ஏறிப் போவணுமா" என்று தினமும் ஒரு தடவையாவது சொல்லிவிடுவாள். வேலை போயிற்று என்றால் அடுப்படிதான் கதி என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

முதல் இரண்டு மாதம் சனிக்கிழமைச் சீட்டில் என் தப்பும் அவள் தப்பும் ஏறக்குறைய சமமாக இருந்தன. என் தப்பு ஒன்றிரண்டு கூட இருக்கும். அன்றைக்கெல்லாம் அவள் முகத்தைப் பார்க்கவேண்டும், திரும்பும் வழியில் ஜங்சனில் என்னிடம் காபி வாங்கிக் குடித்துக்கொண்டு, "சாருக்குக் கண்ணாடி போடணும்போல இருக்கே" என்று வம்பிழுப்பாள்.

ஆனி கழிந்து ஆடி வந்தபோது அது மாறியது. சீட்டு நீண்டது. தப்பெல்லாம் அவளுடையது. பேராசிரியர் நல்ல மனுஷர், கோபிக்கமாட்டார். "கொஞ்சம் நிதானமாப் பாரும்மா" என்று மட்டும் சொன்னார். அவள் நிதானமாகத்தான் பார்த்தாள். முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டு, ஸ்கேலை மூன்று தடவை வைத்துவைத்துப் பார்ப்பாள். அடுத்த சனிக்கிழமை சீட்டு இன்னும் நீளமாக வந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவள் சாப்பிடவில்லை. கூட்டாஞ்சோறு செய்திருந்தாள், தட்டில் போட்டு வைத்துக்கொண்டு அழுதாள். "எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியலங்க. எல்லாம் சரியாத்தான் தெரியுது. ஆனா தப்பாப் போகுது" என்றாள்.

நானும் சும்மா இருக்கவில்லை. வண்ணார்பேட்டையில் ஒரு கண்ணாடிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சுவரில் மாட்டியிருந்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை ஒரு மூச்சில் வாசித்தாள். கடைக்காரர், "கண்ணுக்கு ஒண்ணுமில்ல அண்ணாச்சி, கழுகுக் கண்ணு" என்றார். அதோடு அந்த விஷயத்தை விட்டுவிட்டேன். இப்போது நினைத்தால், நான் அங்கே போனதே என் மனதைச் சமாதானப்படுத்திக்கொள்ளத்தான் என்று தோன்றுகிறது.

வேறு அறிகுறிகளும் இருந்தன. மாடிப்படியில் கடைசிப் படி இருப்பதே தெரியாமல் காலை வைத்து இரண்டு தடவை விழப்பார்த்தாள். டம்ளரில் ஊற்றுகிற தண்ணீர் டம்ளருக்குப் பக்கத்தில் விழும். ஒருநாள் என் அம்மா காலில் கொதிக்கிற ரசத்தைக் கொட்டிவிட்டாள். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு" என்று நான் கத்தினேன். எல்லார் வீட்டிலும் கத்துகிற வார்த்தைதான். அவள் துணியெடுத்துத் துடைத்தாள். அந்த வார்த்தைக்காக நான் பட்ட வேதனையை இங்கே எழுதி மாளாது.

ஆடிக் கடைசியில் பேராசிரியர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அடுத்த மாசமும் இப்படியே போச்சுன்னா, படிக்கதுக்கு வேற ஆளப் போட்டுட்டு அவள கிராஃப் படம் வரையச் சொல்லிரலாமாவே? இல்ல, கொஞ்ச நாள் வீட்டுல ரெஸ்ட் எடுக்கட்டுமா?" என்று என் அபிப்பிராயம் கேட்டார். வீட்டில் ரெஸ்ட் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். "ஒரு மாசம் பாப்போம் சார்" என்றேன்.

அடுத்த திங்கட்கிழமை அவள் படித்து முடித்த ஒரு சுருள் என் கைக்கு வந்து, நானும் அதைப் படித்து முடித்தேன். நோட்டுகள் வைக்கும் இரும்பு அலமாரியின் சாவி என்னிடம்தான் இருந்தது, காலையில் அறையைத் திறப்பவன் நான் என்பதால். அவள் கீழே கடையில் பென்சில் வாங்கப் போயிருந்தாள். அவளுடைய நோட்டை எடுத்துப் பார்த்தேன். நான் அப்போதுதான் எழுதியிருந்த பக்கத்தோடு ஒத்துப்பார்த்தேன். முதல் பேனாவும் இரண்டாவது பேனாவும் நூல் பிடித்த மாதிரி சரியாக இருந்தன. மூன்றாவது பேனாவில்தான் தப்பு. கீழே, அவள் மார்புக்குப் பக்கத்தில் வருகிற கோடு. அங்கே வரவேண்டிய மேட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த மேட்டைப் பிடித்து அளந்திருந்தாள். ஒரு இடத்தில் இல்லை, பக்கம் முழுக்க அப்படித்தான்.

நான் ரப்பரை எடுத்தேன். என் எண்களை அழித்துவிட்டு அவளுடைய எண்களுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி எழுதினேன். அப்படியே எழுதினால் தெரிந்துவிடும் என்று இங்கே கொஞ்சம் கூட்டி அங்கே கொஞ்சம் குறைத்து, ஆனால் அரை மில்லிமீட்டருக்குள் இருக்கும்படி எழுதினேன். அவள் நோட்டில் கைவைக்கவில்லை. அவள் எழுத்து குண்டு குண்டாக இருக்கும், என்னால் அப்படி எழுத வராது.

அந்தச் சனிக்கிழமை சீட்டில் மூன்றே மூன்று வரி. அவள் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மூன்றில் இரண்டு என் தப்பு. நான்தான் வேண்டுமென்றே போட்டுவைத்தது. ஜங்சனில் காபிக்கடையில் அவள் குடித்த காபியை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடி, சொட்டுச் சொட்டாகக் குடித்தாள். எனக்கு ஏதோ பெரிய தியாகம் செய்துவிட்ட பெருமை. முட்டாள்தனத்துக்கு அப்படி ஒரு பெருமை வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, இல்லை, அன்றைக்கும் தெரியவில்லை, வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

ஒரு மாதம் என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அவள் பழைய நிலைக்கு வந்ததும் நிறுத்திவிடலாம் என்று கணக்கு. ஆவணி போய், புரட்டாசி போய், ஐப்பசி மழையும் வந்துவிட்டது. அவள் பதற்றம் தீர்ந்ததும் தானாகச் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்தேன். சரியாகவில்லை. மூன்றாவது பேனாவில் தப்புக் கூடிக்கொண்டேதான் போனது, எனக்கு ரப்பர் வேலையும் கூடிக்கொண்டே போனது. ஒவ்வொரு சுருளையும் முதலில் ஒழுங்காகப் படிப்பேன். சரியான மேட்டை என் கண்ணால் பார்த்து, சரியான எண்ணை எழுதி, அப்புறம் அழிப்பேன். அந்த எண்ணை எழுதாமலே விட்டிருக்கலாம். என்னமோ, ஒருதடவையாவது சரியாக எழுதாமல் இருக்க மனசு வரவில்லை. அவளோ மார்கழியில் பாட்டெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்த்தாள். வீட்டில் அம்மா என்ன சொன்னாலும் சிரித்துக்கொண்டே போனாள்.

பங்குனியில் பேராசிரியர் துள்ளிக் குதிக்காத குறை. எங்கள் எண்களையெல்லாம் சேர்த்துப் படம் போட்டுப் பார்த்திருக்கிறார். நடுச்சாமத்தை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காகத் திரும்பவேண்டிய ஓட்டம், குளிர்காலம் போகப்போக முன்னதாகவே திரும்புகிறது. கடைசிச் சுருள்களில் திசையே வேறு மாதிரி போகிறது. "இது புதுசுவே. இத யாரும் சொன்னதில்ல. ரெண்டு பேர் படிச்சு ரெண்டும் ஒத்துப்போகுது, அப்புறம் என்ன?" என்றார். ஒரு விஞ்ஞானிகள் கூட்டத்தில் பேசுவதாக எழுதியும் கொடுத்துவிட்டார். வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அவள், "பாத்தீங்களா, நம்ம ராத்திரிங்க எங்க போகுதுன்னு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதாவது சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

வைகாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அவளுக்குத் தலைவலி என்று வரவில்லை. பேராசிரியர் மட்டும் அறையில் எனக்காகக் காத்திருந்தார். அதே இடத்தில் காந்தப்புலத்தை அளக்கும் வேறொரு கருவியின் பதிவுகள் அவர் கைக்கு வந்திருந்தன. அதன்படி ஓட்டம் எப்போதும் திரும்புகிற நேரத்தில்தான் திரும்பியிருக்கிறது. சந்தேகம் வந்து அவரே ஒரு சுருளை முழுக்கப் படித்துப் பார்த்திருக்கிறார். மேசையில் எங்கள் இரண்டு நோட்டும் விரித்துக் கிடந்தன.

"ரெண்டு பேரு சரியாப் படிச்சா ஒரே எண் வரும், அதுல அதிசயம் ஒண்ணுமில்ல" என்றார். குரலை உயர்த்தவில்லை. "ரெண்டு பேரு தப்பாப் படிச்சா தப்பு வேறவேறயா இருக்கணும். நீங்க ரெண்டு பேரும் ஒரே தப்ப ஒரே எடத்துல செஞ்சிருக்கிய. யாரு யாரப் பாத்து எழுதுனது?"

"நான்தான் சார்."

என் நோட்டை எடுத்து விளக்குப் பெட்டியின்மேல் வைத்தார். அழித்து அழித்துத் தாள் மெலிந்துபோயிருந்தது. வெளிச்சம் அடியிலிருந்து வந்ததும், அழித்த எண்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. அவர் குனிந்து ஒரு பக்கம் முழுக்கப் படித்தார். எல்லாம் சரியான எண்கள்.

"சரியாப் படிச்சிருக்கீரு. அப்புறம் எதுக்குவே அழிச்சீரு?"

"அவ அழுதா சார்" என்றேன். வேறு காரணம் எதுவும் அப்போது என்னிடம் இல்லை.

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அவள் நோட்டை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம், "எல்லாம் மூணாவது பேனா. எல்லாம் கீழ. கவனக்கொறவுன்னா அங்கங்க செதறிக் கெடக்கணும். இது ஏன்வே கீழ மட்டும் வருது?" என்று தனக்குத்தானே கேட்கிற மாதிரி கேட்டார். சட்டென்று என்னை நிமிர்ந்து பார்த்தார். "அவ நடக்கும்போது எங்கயும் இடிச்சுக்கிடுதாளா?"

படியும் டம்ளரும் ரசமும் எல்லாம் ஒரே நேரத்தில் என் தலையில் வந்து விழுந்தன. ஆமா என்று தலையாட்டினேன்.

"பிளாஸ்மா கெடக்கட்டும்வே. நாளைக்கே கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவும்" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் எழுத்துப் பலகையைத்தான் காட்டினார். அவள் கடைசி வரி வரை வாசித்தாள். அப்புறம் கண்ணுக்குள் அழுத்தம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஒரு சின்ன அறைக்குக் கூட்டிப்போனார்கள். அங்கே பெரிய வெள்ளைக் கிண்ணத்தைப் படுக்கவைத்த மாதிரி ஒரு கருவி இருந்தது. அதில் தாடையை வைத்து, ஒரு கண்ணை மூடி, நடுவில் இருக்கும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கிண்ணத்துக்குள் எங்காவது ஒரு வெளிச்சப்பொட்டு வந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். "கூட வந்தவங்க பேசக்கூடாது, தொடக்கூடாது" என்று சொல்லி என்னை அவளுக்குப் பின்னால் நிற்கவைத்தார்கள்.

மேலே வெளிச்சம் வந்தது, அழுத்தினாள். பக்கவாட்டில் வந்தது, கொஞ்சம் யோசித்து அழுத்தினாள். கீழே வந்தது. நான் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எனக்குப் பளிச்சென்று தெரிகிறது. அவள் அழுத்தவில்லை. இன்னும் கொஞ்சம் தள்ளி வந்தது, அழுத்தவில்லை. அடுத்தது. அடுத்தது. அவள் பாட்டுக்கு நடுப்புள்ளியை உற்றுப் பார்த்துக்கொண்டு, அடுத்த வெளிச்சம் எப்போது வரும் என்று ஒழுங்காகக் காத்திருக்கிறாள். என் கட்டைவிரல் தானாக அழுந்தியது. அவள் கையிலிருந்து அந்தப் பொத்தானை வாங்கி அவளுக்காக நானே அழுத்திவிடலாமா என்று ஒரு நிமிஷம் உண்மையாகவே நினைத்தேன். அப்புறம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

இடது கண் ஏறக்குறையப் போய்விட்டது, வலது கண்ணில் நடுவில் கொஞ்சம்தான் மிச்சம் என்று டாக்டரம்மா சொன்னார். கண் அழுத்த நோய். வலிக்காது. எழுத்தைப் படிக்கிற நடுப்பார்வையைக் கடைசிவரை விட்டுவைக்கும், ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வரும். பார்வை இல்லாத இடத்தை மூளை ஏதாவது போட்டு நிரப்பிவிடுமாம், அதனால் அவர்களுக்கே தெரியாதாம். "ஒரு வருஷம் முன்னால வந்திருந்தா இவ்வளவும் போயிருக்காது. மருந்துலயே நிறுத்தியிருக்கலாம். இனி இருக்கிறதக் காப்பாத்தப் பாப்போம். வீட்டுல, வேலை செய்ற இடத்துல, யாருமே ஒண்ணும் கவனிக்கலையா?" என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

கண்பாப்பாவை விரிக்கிற மருந்து போட்டு வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். வெளிச்சம் கூசும் என்று அவள் முந்தானையால் கண்ணை மூடிக்கொண்டு சாய்ந்திருந்தாள். அவள் என்னைப் பார்க்கவில்லை என்கிற தைரியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். சாவி, நோட்டு, ரப்பர், ஒன்று விடாமல் சொன்னேன். சொல்லும்போதே அழுதேன். பக்கத்து பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் முந்தானையை எடுக்கவில்லை. "எத்தன மாசமா?" என்று கேட்டாள்.

"ஒம்பது."

"சீட்டுல எனக்குத் தப்பே அதிகம் வராம இருந்துச்சே, அது பூராவுமா?"

"ஆமா."

"நமக்குள்ள ஒத்துப்போயிட்டுன்னு நெனச்சேன்" என்றாள். "கல்யாணமாகி நாலு வருஷமாச்சு, இப்பதான் ரெண்டு பேருக்கும் ஒரே கண்ணு ஆயிருக்குன்னு. சாமி கும்பிடும்போதெல்லாம் அதத்தான் சொல்லிட்டு இருந்தேன்."

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். என் அம்மா மாதிரி ஒரு பாட்டம் அழுது தீர்த்திருக்கலாம். மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வரச் சொன்னாள். வாங்கிக்கொண்டு வந்தேன்.

பேராசிரியர் பேசவிருந்த கூட்டத்துக்கு வரவில்லை என்று எழுதிவிட்டார். நான் வேலையை விட்டுவிட்டு ஒரு டுடோரியலில் கணக்குச் சொல்லிக்கொடுக்கப் போனேன். அவர் என் நோட்டுகளை விளக்குப் பெட்டியில் வைத்து, அழித்த எண்களையெல்லாம் ஒவ்வொன்றாக மீட்டு, தான் படித்ததோடு ஒத்துப்பார்த்து, அந்தக் குளிர்காலத்தைச் சரிசெய்துவிட்டார். ஓட்டம் எங்கே திரும்பவேண்டுமோ அங்கேதான் திரும்பியிருந்தது. புதுசாக ஒன்றும் இல்லை. அதை எனக்குச் சொல்லியனுப்பியபோது நான் அவளிடம் சொன்னேன். "நல்லது" என்றாள். அவளுக்குத்தான் எதுவும் மீளவில்லை. மருந்தும் ஆபரேஷனுமாகச் சில வருஷம் ஓடியது. தொண்ணூறுகள் முடிவதற்குள் வலது கண்ணில் இருந்த மிச்சமும் போய்விட்டது.

என்னை அவள் ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் எங்கேயும் வருவாள். வெளியில் பார்க்கிறவர்களுக்கு நாங்கள் நல்ல தம்பதி. போனவாரம்கூட பாளை பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தோம். ஒரு பஸ் வந்து நின்றது. "எந்த பஸ்ஸுங்க?" என்று கேட்டாள். "டவுன் பஸ்தான், ஏறு" என்றேன். சரி என்று தலையாட்டினாள். அப்புறம் என் கையை விடாமலே அந்தப் பக்கம் திரும்பி, கூடையோடு நின்ற ஒரு அம்மாவிடம், "எக்கா, இது எந்த பஸ்ஸு?" என்று கேட்டாள். எத்தனையோ வருஷமாக, நான் எதைச் சொன்னாலும், அவள் இன்னொருவரிடமும் கேட்டுவிட்டுத்தான் காலை எடுத்து வைக்கிறாள். "டவுனுக்குப் போகுதும்மா" என்றார் அந்த அம்மா. அவள் ஏறினாள்.